டிடன்ட்டா, ஹேவன்ட்டா?

வேலை கேட்டு வந்த பிள்ளையிடம் ஒரு ‘டிடன்ட்’டை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் வாட்டி எடுக்க எப்படித்தான் மனசு வருகிறது?

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த என் அக்கா பொண்ணு காவேரிப்பட்டணத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போனாள். லேத், வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று ராத்திரியெல்லாம் படித்தாள். அதில் ஒரு கேள்வி இல்லை. ‘ஹேவ் யூ ப்ராட் யுவர் ஒரிஜினல்ஸ்?’ என்றார் இன்டர்வியூ எடுத்த ஆள். சர்டிஃபிகேட்டுக்கு ஜெராக்ஸ் போதும் என்று மெயிலில் போட்டதே அவர்கள்தான். ‘நோ சார், ஐ டிடன்ட் பிரிங் தெம்’ என்றாள். அவ்வளவுதான், பேனாவை மூடி வைத்துவிட்டார். ‘நான் ஹேவ் போட்டுக் கேட்டால் நீ டிட் போட்டுச் சொல்வாயா?’ அவள் உடனே ‘ஹேவன்ட் ப்ராட் சார்’ என்றாள். அப்போதும் விடவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, ‘இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டென்ஸே வராது சார்’ என்று சிரிப்பு. கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? ‘ஸோ, யூ டிடன்ட் ப்ராட் இட்!’

டிடன்ட்டுக்குப் பிறகு பிரிங்தான் வரும், ப்ராட் வராது. இது என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். இங்கிலீஷ் நடத்திப் பிழைக்கிறவன் நான், வயிறு எரிகிறது.

வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘ஐ டிடன்ட் ஃபினிஷ்’ என்றால் அந்த வேலைக்கான நேரம் போய்விட்டது. ‘ஐ ஹேவன்ட் ஃபினிஷ்ட்’ என்றால் இன்னும் முடிக்க இடமிருக்கிறது. யெஸ்டர்டே என்று நாள் சொல்லிவிட்டால் ஹேவன்ட் கூடவே கூடாது. நமக்கு இது புரியாத விஷயமா? ‘போன ஞாயிறு ஒகேனக்கல் போகவில்லை’ என்பதும் ‘ஒகேனக்கல் போனதே இல்லை’ என்பதும் ஒன்றா? முதலாவதுக்கு டிடன்ட் கோ, இரண்டாவதுக்கு ஹேவன்ட் பீன். இப்படிச் சொன்னால் கடைசி பெஞ்சுக்கும் ஏறும்.

ஆனால் ஒரிஜினல் கொண்டுவராததற்கு இரண்டுமே சரி. பிரிட்டனில் ‘ஐ ஹேவன்ட் ஈட்டன் யெட்’ என்பதுதான் வழக்கம். அமெரிக்காவில் ‘ஐ டிடன்ட் ஈட் யெட்’ என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். அவர்களிடம் போய் டென்ஸ் வராது என்பாரா இவர்? எதிரே உட்கார்ந்திருப்பது திருப்பிப் பேச முடியாத பிள்ளை என்றால் மட்டும் இலக்கணம் பொத்துக்கொண்டு வருகிறது. ஒரு மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லியிருந்தால் அவள் யார் என்று தெரிந்திருக்கும்!

இதெல்லாம் போதாதென்று திரும்பி வந்த பஸ் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. ராத்திரி ஒன்பதரை மணி, லைட் இல்லாத ரோடு, தனியாக ஒரு பெண் பிள்ளை. உள்ளே வராது என்று ஏறும்போதே சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பாள். காவேரிப்பட்டணம் என்று டிக்கெட் கொடுத்துக் காசை வாங்கும்போது அந்த வாய் எங்கே போயிருந்தது?