தண்ணீர் உறிஞ்சாத ரைல்ஸும் வழுக்கும்

"போர்சலின் ரைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் வழுக்காது; திறந்த குசினிக்கும் ஹோலுக்கும் ஒரே பளபளப்பான ரைல்ஸைப் போடுங்கள்" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. போர்சலின் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது, உண்மை. ஆனால் வழுக்குவதைத் தீர்மானிப்பது மேற்பரப்பு. உறிஞ்சாத தண்ணீர் மேலேயே நிற்கும். அதோடு கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தால் வீட்டிலுள்ள அம்மம்மாவுக்கு இடுப்பெலும்பு முறியலாம். தயவுசெய்து இதை லேசாக எடுக்காதீர்கள்.

கடையில் ஆர்9, ஆர்10 என்ற வழுக்காத் தன்மைத் தரத்தைக் கேளுங்கள். எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். வீட்டுக் குசினிக்கு ஆர்10 நல்லது. அதற்கு மேலே போனால் துடைப்பது கஷ்டம். மெருகேற்றிய போர்சலினில் நுண்துளைகள் திறந்திருக்கும், அவற்றை அடைக்கும் சீலர் பூசாவிட்டால் மஞ்சள் கறை பிடிக்கும். அப்புறம் வன்னியில் பல கிணறுகளில் கடினத் தண்ணீர்தானே, காய்ந்தால் வெள்ளைப் படிவு விழும். பளபளப்பில் அதுவும் கிரவல் றோட்டுத் தூசியும் அப்படியே தெரியும்.

ஒரே தரையாகத் தெரியவேண்டுமா? சரி, பளபளப்பில்லாத மட் பினிஷ் ரைல்ஸையே இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் பதியுங்கள். வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஷேட் இலக்கம் (நிறச் சாயலைக் குறிக்கும் எண்) ஒன்றா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பெட்டிக்குப் பெட்டி நிறம் மாறிவிடும்.