மல்டிகாஸ்ட் எல்லா வீட்டுக்கும் பாய்வதில்லை

"மல்டிகாஸ்ட் டிவி வந்தால், பார்க்காத வீட்டுக்கும் எல்லாச் சேனலும் பாய்ந்து நெட் மெதுவாகிவிடும்" என்று மார்த்தாண்டம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அது எல்லாருக்கும் ஒன்றாக அனுப்பும் பிராட்காஸ்ட்டின் குணம்.

மல்டிகாஸ்ட், அதாவது ஒரே ஒளிபரப்பை நெட்வொர்க் வழியாக ஒரு குழுவுக்கு அனுப்பும் முறை, கேட்டவருக்கே வரும். சேனலை மாற்றியதும் செட்டாப் பாக்ஸ், 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள குழு முகவரிகளில் ஒன்றில் சேர, ஐஜிஎம்பி (குழுவில் சேரவும் விலகவும் சொல்லும் நெறிமுறை) வழியாக ரவுட்டரிடம் கேட்கும். ரவுட்டர் பிஐஎம் என்ற, ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசும் நெறிமுறைப்படி மேலேயுள்ள ரவுட்டரிடம் கேட்டுக் கிளையை இணைக்கும். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய் பிரியப் பிரியக் குறையும். டேட்டாத் துண்டான பாக்கெட்டோ பிரியும் இடத்தில் மட்டும் நகலாகி, ஒவ்வொரு கிளையிலும் முழுசாகவே போகும். பார்க்க ஆளில்லாத கிளை வெட்டப்பட்டுவிடும்.

ஒன்று மட்டும் உண்மை: எந்தப் போர்ட் எந்தக் குழுவைக் கேட்டது என்று கவனிக்கும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதி இல்லாத சுவிட்ச் எல்லாப் போர்ட்டுக்கும் தள்ளிவிடும். கேபிள்காரரிடம் அந்த வசதி இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.