சத்னாம் சிங் என்பிஏவில் (அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்) ஆடினாரா?

“என்பிஏவில் ஆடிய முதல் இந்தியர் சத்னாம் சிங், டல்லாஸ் அணியின் நட்சத்திரம்” என்று ஃபார்வர்டு செய்தி ஒன்று படத்தோடு சுற்றுகிறது. இது தவறு.

2015 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது உண்மை. இந்தியாவில் பிறந்த ஒருவர் அப்படித் தேர்வானது அதுவே முதல் முறை. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது பெரிய விஷயம்தான், அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் டிராஃப்ட் என்பது ஒரு வீரரோடு ஒப்பந்தம் பேச அணிக்குக் கிடைக்கும் உரிமை மட்டுமே. முதல் சுற்றில் தேர்வானவர்களுக்கு இருக்கும் உறுதியான சம்பள ஒப்பந்தம் இரண்டாம் சுற்றில் கிடையாது. 52 என்பது இரண்டாம் சுற்று.

அப்புறம் நடந்தது இது: புதியவர்களைச் சோதித்துப் பார்க்கும் கோடைக்கால லீக்கில் ஆடினார், பிறகு துணை லீக்கில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணிக்கு ஆடினார். என்பிஏவின் வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஏழடி இரண்டு அங்குல உயரத்தைப் பார்த்தே பலர் அவரை நட்சத்திரமாக்கிவிட்டார்கள்; அந்த எதிர்பார்ப்பின் சுமை முழுவதும் 19 வயதுப் பையன் தலையில் விழுந்தது.

என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் சிம் புல்லர். கனடாவில் பிறந்தவர், 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்காகக் களமிறங்கினார்.

என்பிஏவின் அதிகாரபூர்வ தளத்தில் டிராஃப்ட் பட்டியலும் வீரர்களின் ஆட்டக் கணக்கும் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். அந்தப் படம் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்ப வேண்டாம்.