திரையில் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள்

"சிஸ்டத்துக்குள்ள போகுதில்ல தம்பி, கெதியாப் பாருங்க." இதைத் தவிர ஒரு வார்த்தையும் சொல்லாமல் அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள். மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கிளைகளுள்ள ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்கு மென்பொருளைப் பராமரிப்பவன் என்ற முறையில் கேட்கிறேன்: இவ்வளவை மட்டும் கேட்டுவிட்டு நான் எதைத் திருத்துவது? கடவுச்சொல் பிழையா, கணக்குப் பூட்டப்பட்டுவிட்டதா, கடவுச்சொல்லின் காலம் முடிந்துவிட்டதா, இணைய இணைப்பே இல்லையா என்று எங்கள் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு செய்தியைத் திரையில் காட்டுகிறது. அதை வாசித்துச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. கேட்டால், "சிவப்பு எழுத்துல என்னமோ வந்திச்சு, மூடிட்டன்" என்கிறார்கள்.

அக்கரைப்பற்றுக் கிளையின் காசாளருக்குக் காலை வேளைகளில் உள்நுழைவுப் பக்கமே வருவதில்லை என்ற முறைப்பாட்டுக்கு, அவருடைய கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தால் போதும் என்று முகாமையாளர் தானே தீர்ப்பும் சொல்லிவிட்டார். கல்லடிப் பாலம் தாண்டி, கல்முனை வழியாக பஸ்ஸில் போய் இறங்கிப் பார்த்தால், உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று குரோம் உலாவி திரை முழுவதும் பெரிய எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது! கணினியின் மதர்போர்டில், மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைக்கும் சிறிய வட்டப் பற்றரி செத்துவிட்டதால், இரவில் பிளக்கைக் கழற்றியதும் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடுகிறது; அந்தப் பழைய திகதியின்படி உலாவியில் திறக்கும் எங்கள் மென்பொருள் தளத்தை உண்மையானது என்று உறுதிப்படுத்தும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்பதால் உலாவி உள்ளே விட மறுக்கிறது. தேவைப்பட்டது கைக்கடிகாரம் திருத்துபவரிடமும் வாங்கக்கூடிய ஒரு சீஆர் 2032 பற்றரி மட்டுமே. அந்த ஒரு வரியைத் தொலைபேசியில் வாசித்திருந்தால், எனது ஒரு நாளும் காசாளரின் பல காலைகளும் மிஞ்சியிருக்கும்.

உள்நுழையும்போது கடவுச்சொல்லோடு சேர்த்து இட வேண்டிய, கைத்தொலைபேசிச் செயலியில் வரும் ஆறு இலக்கக் குறியீடும் நேரத்தை வைத்தே கணிக்கப்படுகிறது. அது 30 வினாடிக்கு ஒருமுறை மாறும். தொலைபேசியின் நேரத்தைத் தாமாகவே சில நிமிடங்கள் முன்தள்ளி வைத்துக்கொள்பவர்கள், சரியான குறியீட்டை இட்டும் மென்பொருள் ஏற்கவில்லை என்று என்மீது பாய்கிறார்கள்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே கணக்கை நான்கைந்து பேர் பகிர்வதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. களஞ்சியப் பொறுப்பாளர் தமது கடவுச்சொல்லை மாற்றுகிறார். விற்பனைக்குப் போன பையனின் தொலைபேசியில் சேமித்து வைத்த பழைய கடவுச்சொல்லோ, அவன் பொத்துவில் வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் திரும்பத் திரும்பச் சேவையகத்தின் கதவைத் தட்டுகிறது. ஐந்து பிழையான முயற்சிகளில் கணக்குப் பூட்டப்படும். நான் திறந்துவிடுகிறேன், அந்தத் தொலைபேசி மறுபடியும் பூட்டிவிடுகிறது. யாருடைய தொலைபேசியில் அந்தக் கணக்கு இருக்கிறது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை, ஆனால் "அடிக்கடி பழுதாகிற சிஸ்டம்" என்ற பழி மட்டும் என் தலையில் விழுகிறது.

நாளைக்கு இருப்பில் அரிசி மூட்டை குறைந்தால், பதிவேட்டில் நிற்கப்போவது அந்த ஒரே பெயர்தான். குறைத்தவர் யார் என்று கணக்காய்வாளர் கேட்கும்போது, ஒரு பிழையும் செய்யாத களஞ்சியப் பொறுப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். இது வெறும் உள்நுழைவுச் சிக்கலா?

ஆளுக்கொரு கணக்கு வேண்டும் என்று நான் எழுத்தில் கொடுத்த கோரிக்கையை, கூடுதல் பயனர் உரிமத்துக்குக் காசு போகும் என்று சொல்லி நிர்வாகம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அதில் கையெழுத்து வைக்காதவர்கள், பூட்டிய கணக்கைத் திறந்துவிடும்படி இரவு பத்து மணிக்கு என்னை அழைக்க வேண்டாம்.