‘புண்பட்டிருந்தால்’

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளி நண்பர்கள் குழுவில் நடந்ததை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நடந்ததை நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘யூதர்கள் பணக்காரர்களான ரகசியம்’ என்று வெற்றிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர் ஒருவர் பேசிய வீடியோவைத்தான் நண்பர் போட்டார். முதல் ரகசியமே யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தல்மூதில் இருக்கிறதாம்: பணத்தை மூன்று பங்காக்கி ஒன்றை நிலத்தில் போடு, ஒன்றைச் சரக்கில் போடு, ஒன்றைக் கையில் வை. வரி உண்மைதான். பாபா மெட்சியா என்ற பகுதியில் 42ஆம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் நம்மிடம் அடைக்கலமாகக் கொடுத்த பணத்தை எப்படிப் பத்திரமாக வைப்பது என்ற விவாதத்தின் நடுவே வருகிற வரி அது. அதையும், அதே பகுதியில் பதினாறு ஏடு தள்ளி வருகிற இன்னொன்றையும்தான் எழுதினேன். ஒருவனைப் பலர் முன்னால் தலைகுனிய வைப்பவன் அவன் ரத்தத்தைச் சிந்தியவனுக்குச் சமம். அவமானப்பட்டவன் முகத்தில் சிவப்பு போய் வெளுப்பு ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறோமே என்று அதற்கு ஒரு ஞானி விளக்கமும் சொல்கிறார். ‘இந்த வரிக்கு யாரும் வீடியோ போடுவதில்லையே’ என்று கேட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அதற்கு வந்த பதில்கள் உங்களுக்குத் தெரியும். ‘யூத ஏஜெண்ட்’. ‘அச்சாபீசில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்குப் பாடம் நடத்துகிறார்’. அப்புறம் என் படத்தில் தாடியும் தொப்பியும் ஒட்டி ஒரு படம். அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள் என்று எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எண்ணினேன், முப்பத்தெட்டு. மறுநாள் காலையில் அதே நண்பர், ‘யார் மனசாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும், எல்லாம் ஜாலிக்குத்தான்’ என்று கைகூப்பிய பொம்மையோடு போட்டார். விஷயம் முடிந்தது என்று எல்லாரும் கட்டைவிரல் தூக்கிவிட்டார்கள்.

முடியவில்லை. ‘புண்பட்டிருந்தால்’ என்று ஒரு மன்னிப்பு கிடையாது. யாரிடம் கேட்கிறோம், எதற்காகக் கேட்கிறோம் என்ற இரண்டும் இல்லாதது மன்னிப்பே கிடையாது.

இது என் ரோஷத்தில் வந்த பேச்சு இல்லை. யூத மரபில் யோம் கிப்பூர்தான் ஆண்டின் மிகப் புனிதமான நாள். இருபத்தைந்து மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து பாவமன்னிப்பு வேண்டுவார்கள். அந்த நாளைப் பற்றி, தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா, ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்கிறது: மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவத்தை இந்த நாள் தீர்க்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதை, பாதிக்கப்பட்டவனைப் போய்ச் சமாதானப்படுத்தும் வரை தீர்க்காது. கடவுளே நினைத்தாலும் என் சார்பில் அண்டை வீட்டுக்காரனின் கணக்கை முடித்துவைக்க முடியாது. நானேதான் அந்தப் படி ஏற வேண்டும்.

கோர்டோபாவில் பிறந்து, எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து, 1204இல் இறந்துபோன யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் இதை எப்படிச் செய்ய வேண்டும் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார். செய்த தவறை வாயால் சொல்ல வேண்டும், இன்னது என்று விவரமாகச் சொல்ல வேண்டும். சக மனிதனுக்குச் செய்த தவறு என்றால் அதைப் பலர் அறியச் சொல்வது மெச்சத்தக்கது. பணம் தர வேண்டியிருந்தால் தந்துவிட வேண்டும், ஆனால் தந்தால் மட்டும் போதாது, போய்க் கேட்கவும் வேண்டும். அவன் மன்னிக்கவில்லையா, நண்பர்கள் மூன்று பேரை அழைத்துக்கொண்டு போ. இரண்டாம் முறை போ, மூன்றாம் முறை போ. அப்போதும் இரங்காவிட்டால் விட்டுவிடலாம், இனிப் பாவம் மன்னிக்க மறுத்தவனுடையது. ஆனால் தவறு ஆசிரியருக்குச் செய்ததாக இருந்தால் ஆயிரம் முறையானாலும் போக வேண்டும். இவ்வளவு படிகளில் ஒன்றில்கூட ‘இருந்தால்’ இல்லை.

சரி, அந்த வீடியோவுக்கு வருகிறேன். ‘நல்லதாகத்தானே சொல்கிறார், யூதர்களைப் புகழ்ந்தால் உனக்கென்ன’ என்று ஒருவர் கேட்டார். புகழ்ச்சி மாதிரி தெரிவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் பல ஊர்களில் அவர்கள் நிலம் வாங்கக் கூடாது, கைவினைச் சங்கங்களில் சேரக் கூடாது. பெரும்பாலும் வட்டித் தொழில்தான் மிச்சம் இருந்தது. அப்புறம் அதையே காட்டிப் பணப்பேய்கள் என்றார்கள். 1290இல் இங்கிலாந்து துரத்தியது, 1492இல் ஸ்பெயின் துரத்தியது. ரஷ்யப் பேரரசின் சிற்றூர்களில் தையல்காரர்களாகவும் செருப்புத் தைப்பவர்களாகவும் அரைவயிற்றோடு வாழ்ந்தவர்களிடம் எந்த ரகசியம் இருந்தது? அவர்களிடம் ஏதோ ரகசியம் இருக்கிறது என்ற கதையை இன்று மெச்சிச் சொல்கிறார்கள். அன்று வீட்டைக் கொளுத்த வந்தவர்களும் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

செத்த பிறகு மனிதனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி என்று தல்மூத் சொல்வது, ‘கொடுக்கல் வாங்கலில் நாணயமாக இருந்தாயா?’ என்பது. எவ்வளவு சேர்த்தாய் என்ற கேள்வியே அந்தப் பட்டியலில் கிடையாது. வாங்கும் எண்ணம் இல்லாமல் கடைக்காரனிடம் ‘இது என்ன விலை?’ என்று கேட்டு அவனுக்கு ஆசை காட்டாதே என்று மிஷ்னாவில் ஒரு விதி இருக்கிறது. முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகைக்கு நாற்பது மாதிரிகளை எடுத்துப் போடச் சொல்லி, ரேட் கேட்டு, ‘சும்மா விசாரிக்கத்தான் வந்தோம்’ என்று எழுந்து போகிறவர்களை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். எங்கேயோ கலிலேயாவில் ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் என் மாதிரிக் கடைக்காரனுக்காக யோசித்திருக்கிறார் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

இன்னும் சில கேள்விகள் இன்பாக்ஸில் வந்தன. ‘உனக்கு எதற்கு வேற்று மதத்துச் சரக்கு?’ இதற்கு அதிகம் சொல்வதற்கில்லை. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு கொச்சி மட்டாஞ்சேரி யூத ஜெபாலயத்தில் இருக்கிறது. எழுத்து, தமிழ் எழுதப் பயன்பட்ட பழைய வட்டெழுத்து. ஆயிரம் வருடமாகப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் படித்ததை நான் படிக்கக் கூடாதா?

‘காசாவில் நடப்பதைப் பார்த்த பிறகும் யூத ஞானமா?’ என்று கேட்டவரின் கோபத்தை மதிக்கிறேன். அங்கே செத்த குழந்தைகளின் படங்களைப் பார்த்துவிட்டுத் தூங்காத இரவுகள் எனக்கும் உண்டு. ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் வேதம் முழுவதையும் சொல்லித் தா என்று கேட்டவனிடம் ஹில்லேல் என்ற பழைய யூத ஞானி சொன்னது இது: ‘உனக்கு வெறுப்பானதை அடுத்தவனுக்குச் செய்யாதே. அதுதான் முழு வேதம், மற்றதெல்லாம் விளக்கம். போய்ப் படி.’ ஓர் அரசாங்கத்தை எதை வைத்து அளக்கலாம் என்று கேட்டால் இந்த வரியை வைத்தே அளக்கலாம் என்பேன். அளவுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு எதை வைத்து அளப்பது?

‘இதெல்லாம் குறளில் இல்லாததா?’ எல்லாரும் கேட்டது இதைத்தான். இருக்கிறது ஐயா. நாக்கைக் காக்கச் சொல்லியிருக்கிறார், நாவினால் சுட்ட வடு ஆறாது என்றும் சொல்லியிருக்கிறார். நானே பையடக்கக் குறள் நான்கு பதிப்பு அடித்துக் கொடுத்திருக்கிறேன், எழுத்துப் பிழை பார்த்தே பாதி மனப்பாடம். ஆனால் என் கதையைக் கேளுங்கள்.

எங்கள் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்கு ஓர் அண்ணாச்சி இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு நாள் மேசை இழுப்பறையில் வைத்த நாலாயிரம் ரூபாயைக் காணோம். கடைசியாக அந்த அறைக்குப் போனவர் அவர். பத்துப் பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், ‘அண்ணாச்சி, பையைக் கொஞ்சம் காட்டுங்க’ என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் டிபன் பாக்ஸை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். சாயங்காலம் பில் புத்தகத்துக்குள் பணம் கிடைத்தது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ‘தப்பா எடுத்திருந்தா மன்னிச்சுக்கோங்க’ என்றேன். ஆமாம், நானும் ‘இருந்தால்’தான் போட்டேன். ‘அதுக்கென்ன தம்பி’ என்றார். அடுத்த மாதம் வேலைக்கு வரவில்லை.

பதினோரு வருடம். நாவினால் சுட்ட வடு ஆறாது என்று எனக்குத் தெரியும், அதனாலேயே இனி ஆறாது என்று விட்டுவிட்டேன். வள்ளுவர் மேல் குற்றமில்லை, நான் படித்துக்கொண்டது அப்படி. மைமோனிடீஸைப் படித்த பிறகுதான், ஆறுமோ ஆறாதோ, போவது என் வேலை என்று உறைத்தது. பாளையங்கோட்டையில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். முதல் முறை அவர் வெளியே வரவில்லை. இரண்டாம் முறை திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு மழை, ரேஷன், பேத்தி படிப்பு என்று பேசிக்கொண்டிருந்தார். நான் வாயெடுத்தபோது எழுந்து உள்ளே போய்விட்டார். வாசல் வரை வந்த அவர் மனைவிதான் சொன்னார், ‘அன்னைக்குப் பத்துப் பேரு பாத்தாங்கள்ல தம்பி. இப்ப நீங்க மட்டும் வந்தா எப்படி?’

அந்த அம்மா எந்த நூலும் படித்தவரில்லை. மூன்று பேரைக் கூட்டிப் போ என்பதன் அர்த்தம் எனக்கு அந்த வாசலில்தான் விளங்கியது. அன்று உடன் வேலை பார்த்தவர்களில் மூன்று பேரைத் தேடிப் பிடித்து மூன்றாம் முறை போனேன். அவர்கள் முன்னால், தேதி சொல்லி, தொகை சொல்லி, ‘நான் உங்கள் பையைக் காட்டச் சொன்னேன், நீங்கள் எடுக்கவில்லை’ என்றேன். அவர் எதுவும் பேசவில்லை. காபி வந்தது, குடித்தோம். மன்னித்தாரா என்று இன்று வரை தெரியாது.

இப்போது சொல்லுங்கள், ‘ஜாலிக்குத்தான்’ என்பதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

உண்மையில் படம் போட்டவர் மேல்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. தல்மூதில் கம்சா, பார் கம்சா என்று ஒரு கதை. ஜெருசலேமில் ஒருவர் விருந்து வைக்கிறார். நண்பன் கம்சாவை அழைத்து வரச் சொன்னால், வேலைக்காரன் பெயர் குழம்பி, அவருக்கு ஆகாத பார் கம்சாவை அழைத்து வந்துவிடுகிறான். வெளியே போ என்கிறார். ‘வந்துவிட்டேன், இருந்துவிட்டுப் போகிறேன். சாப்பிடுவதற்குக் காசு தருகிறேன்’ என்கிறான். முடியாது. பாதி விருந்துச் செலவைத் தருகிறேன். முடியாது. முழுச் செலவையும் தருகிறேன். கையைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறார். ஞானிகள் பலர் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அவனைப் பொசுக்கியது அதுதான். நேராக ரோமப் பேரரசரிடம் போய்க் கோள் மூட்டுகிறான். கி.பி. 70இல் ரோமானியர் ஜெருசலேமின் யூதக் கோயிலை இடித்த அழிவுக்குத் தல்மூத் சொல்கிற காரணம் இந்த விருந்து.

அந்தக் குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் எங்கள் வகுப்பு ஆசிரியர் ஒருவர், என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் ஒருவன், போன வருடம் நான் ரத்தம் கொடுத்த குடும்பம் ஒன்று. யாரும் எனக்காகச் சண்டை போட்டிருக்க வேண்டாம். ‘படத்தை எடுத்துவிடுப்பா’ என்று ஒரு வரி போதும். தனியே மெசேஜ் போட்டு ‘மனசில் வைத்துக்கொள்ளாதே’ என்றவர்கள் ஒன்பது பேர். குழுவில் ஒருவரும் இல்லை. தொட்டாற்சிணுங்கி என்கிறீர்கள், இருக்கட்டும். நான் குழுவை விட்டு வெளியேறவில்லை. மூன்று முறை கேட்டும் மனம் இரங்காதவன் கொடியவன் என்று எனக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. இன்னும் ஒரு முறைகூட யாரும் கேட்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

எழுதும்போதே இன்னொன்று நினைவில் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த தமிழ் வாத்தியார் ஒருவர். கடைசியாக அவர் பார்த்துக் கொடுத்த புத்தகத்துக்குக் கூலி தராமல் ‘அடுத்த வாரம் சார், அடுத்த வாரம் சார்’ என்று இழுத்தேன். கூலியாளின் கூலி விடியும் வரை உன்னிடம் தங்கக் கூடாது என்று லேவியராகமத்தில் இருக்கிறது. அவர் தேவாலயத்தில் வாசித்த புத்தகம்தானே அதுவும். 2019இல் இறந்துவிட்டார். இறந்தவருக்குத் தவறு செய்திருந்தால் பத்துப் பேரைக் கல்லறைக்கு அழைத்துப் போய், அவர்கள் முன்னால் செய்ததை விவரமாகச் சொல்ல வேண்டும், பணத்தை வாரிசிடம் கொடுக்க வேண்டும் என்கிறார் மைமோனிடீஸ். சாரின் மகளிடம் நேற்றுப் பேசிவிட்டேன், பணத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். கல்லறைக்கு ஆறு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் வேண்டும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு. சாரிடம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன்.