வெடிச்சத்தம் எதற்கு?

ஊரையே உலுக்கிய விபத்து ஒன்றின் நினைவு நாள் வரும். அதற்கென்று புதிதாக ஓர் இசை எழுதச் சொல்லி, பள்ளி பேண்ட் பிள்ளைகளை வாசிக்க வைப்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எழுதுபவர்களில் சிலர் விபத்தையே மேடையில் மறுபடி நடத்திக் காட்டுகிறார்கள். டிரம்மில் வெடிச்சத்தம், சிம்பலில் கண்ணாடி நொறுங்குவது, போதாததற்கு ஒரு சைரன். முன்வரிசையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உட்கார்ந்திருப்பார். அந்தச் சத்தத்தை அவருக்கு நாம்தான் நினைவுபடுத்த வேண்டுமா?

1934 செப்டம்பரில் வேல்ஸில் கிரெஸ்ஃபோர்டு நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 266 பேர் இறந்தார்கள். பெரும்பாலான உடல்களை மேலே கொண்டுவரவே முடியவில்லை. அவர்கள் நினைவாக மெட்டமைத்த ராபர்ட் செயின்ட்டும் சுரங்கத் தொழிலாளிதான். வெடியும் இல்லை, பாட்டு வரியும் இல்லை. மெல்ல நகரும் ஒரு துதிப்பாட்டு மெட்டு, அவ்வளவுதான். இங்கிலாந்தின் டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் விழாவில் பேண்டுகள் இன்றும் அதை வாசிக்கின்றன.

அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தது 1999 ஏப்ரலில். ஃபிராங்க் டிக்கேலி எழுதிய நினைவு இசையை அடுத்த ஆண்டே முதன்முதலாக வாசித்தது அந்தப் பள்ளியின் பேண்ட். அதற்குள் அவர்களுடைய பள்ளிப் பாடல் வருகிறது. ஒரு ட்ரம்பெட் மட்டும் மேடைக்கு வெளியே இருந்து தனியாக ஒலிக்கிறது. செத்த விதத்தை விட்டுவிட்டு, வாழ்ந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார் மனிதர்.

'மெதுவான இசைதானே, பசங்களுக்குச் சுலபம்' என்பார்கள். ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீண்ட ஒரு சுரத்தை அறுபடாமல் பிடிக்க ஒருவர் மூச்சு போதாது. பக்கத்தில் இருப்பவன் மூச்சு வாங்கும்போது இவன் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், இவன் வாங்கும்போது அவன். இருவரும் ஒரே நேரத்தில் வாங்கினால் சத்தத்தில் ஓட்டை விழும். அதைச் சரிசெய்யவே ஒத்திகையில் பாதி நேரம் போகும். அப்புறம், விபத்து நடந்தபோது பிறந்தே இராத கிளாரினெட் பிள்ளை, 'இந்த இடம் ஏன் சார் இவ்வளவு மெதுவா?' என்று கேட்கும். வாத்தியார் தாளம் காட்டும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். எனக்கு நிகழ்ச்சியைவிட இந்த ஒத்திகைதான் முக்கியமாகப் படுகிறது.

அதனால் ஒருநாள் நிகழ்ச்சி முடிந்ததும் இசை நோட்ஸை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அப்படியே, முடிந்ததும் கைதட்டலாமா கூடாதா என்பதையும் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அரங்கமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முழிக்க வேண்டியிருக்கிறது.