மூக்குத்தி அழிந்த படம்

நீலகிரி மாவட்டம் சேரம்பாடியில் சித்தி புது வீடு கட்டிக் குடிபோனபோது, ஹாலில் மாட்ட ஒரு குடும்பப் படம் வேண்டும் என்றார். எல்லாரும் சேர்ந்து எடுத்த படம் என்று எங்கள் குடும்பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அம்மாயி (அம்மாவின் அம்மா) 1972-இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்தார். அவருடைய அம்மாவும் கூட வந்தார். அம்மாயியின் அண்ணன் மட்டும் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்து லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீடு) தங்கிவிட்டார். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளிக்காரர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினை எங்கள் வீட்டுக்குள்ளும் நடந்தது. பிறகு இலங்கையில் சண்டை வந்து கப்பலும் நின்றது. அண்ணனும் தங்கையும் அதற்கப்புறம் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. அண்ணன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

ஆக, எங்கள் கையில் இருந்தது இவ்வளவுதான். அம்மாயியின் அம்மாவுக்கு ஒரே ஒரு பாஸ்போர்ட் படம். தோள் வரைக்கும்தான், ஓரத்தில் பாதி முத்திரை. அண்ணன் முப்பது வயதில் அட்டன் ஸ்டுடியோவில் பூச்சாடி பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று (கையில் இருப்பது இரவல் வாச் என்பது அம்மாயியின் வாக்குமூலம்). பெரியம்மா கல்யாணத்தின் கலர் படம், சிவப்பேறிக் கிடந்தது. அண்ணன் பிள்ளைகள் வாட்ஸப்பில் அனுப்பியவை. அம்மாயியை நான் போன மாதம் போனில் எடுத்தது.

எல்லாவற்றையும் கூடலூரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். அந்தத் தம்பி வேலை தெரிந்தவர். வெட்டி ஒட்டுவதில் முதலில் பார்க்க வேண்டியது மூக்கின் நிழலாம். ஒருவருக்கு இடப்பக்கமும் இன்னொருவருக்கு வலப்பக்கமும் விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நம் பக்கத்து மழை மூட்டத்தில் எடுத்த படங்கள் ஒட்டுவதற்கு லகுவாம், அதில் நிழலே இருக்காதே. கலர் ஒத்துவராவிட்டால் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம். போன் படம் பளிச்சென்று இருந்தால், பழைய படத்துக்கு ஈடாகக் கொஞ்சம் புள்ளியைத் தூவலாம். இதெல்லாம் கேட்க எனக்குச் சுவாரசியமாகத்தான் இருந்தது.

சிக்கல் வரிசையில் வந்தது. தோள்வரை மட்டும் உள்ள படத்தைப் பின்வரிசையில்தான் வைக்க முடியும், முன்னால் இருப்பவர்கள் மறைத்துக்கொள்வார்கள். ஆனால் வீட்டுக்கே மூத்தவரைப் பேரன் பேத்திகளுக்குப் பின்னால் நிறுத்துவதா? சித்தி ஒப்பவில்லை. எனவே தம்பி வேறு யாருடைய உடம்பையோ கொண்டுவந்து, பட்டுச் சேலையோடு நடுநாற்காலியில் உட்காரவைத்தார். கழுத்துக்கு மேலே எங்கள் கொள்ளுப்பாட்டி, கீழே ஏதோ கல்யாண மண்டபத்தில் எடுத்த யாரோ ஒருத்தி.

படம் வந்ததும் என் பையன் கேட்டான்: “இது எந்த வருஷம் எடுத்தது? எல்லாரும் அன்னைக்கு எங்க போயிருந்தாங்க?”

எனக்கு உறுத்தியது அங்கேதான். ஒட்டு எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அந்த அளவுக்கு அவன் நம்பிவிட்டான். ஐம்பது வருஷம் ஒரு குடும்பம் கடலுக்கு இரண்டு பக்கமும் கிடந்தது அந்தப் படத்தில் இல்லை. நாளைக்கு நானும் இல்லாதபோது அவன் தன் பிள்ளைக்கு என்ன சொல்வான்? எல்லாரும் ஒருநாள் ஊட்டிக்கோ எங்கேயோ போய்ப் படம் எடுத்துக்கொண்டோம் என்பான்.

படத்தை ஒட்டக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப முன்னால், 1857-லேயே ரெய்லாண்டர் என்கிற புகைப்படக்காரர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் போட்டிருக்கிறார். ஆசை பழையதுதான். நம் வீடுகளிலும் ஒரே கண்ணாடிக்குள் பத்துப் படங்களை அடுக்கி மாட்டவில்லையா? ஆனால் அதில் ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் ஓரம் இருக்கும். எது அட்டன், எது சேரம்பாடி என்று பார்த்தாலே தெரியும். என் கட்சி இதுதான்: ஒட்டுங்கள், ஒட்டியது தெரிகிற மாதிரி ஒட்டுங்கள். பின்னணியை ஒன்றாக்காதீர்கள். உடம்பு இல்லாதவருக்கு உடம்பு செய்யாதீர்கள். பின்பக்கம் யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதிவையுங்கள். அதைவிட முக்கியம், ஸ்டுடியோவுக்குக் கொடுக்குமுன் மூலப் படங்களை நல்லபடியாக ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்படம் சுவரேறியதும் பழையதைத் தேடுவார் இருக்க மாட்டார்கள்.

வயதையும் தொடவேண்டாம். தம்பி, “அண்ணனுக்கு ஏஐயில் வயசு கூட்டித் தரட்டுமா?” என்று கேட்டார். படத்தில் எண்பதை நெருங்கும் தங்கைக்குப் பின்னால் முப்பது வயது அண்ணன் நிற்கிறார். அம்மாயி அதைப் பார்த்து, “எங்கண்ணன் எனக்குப் பேரன் மாதிரி நிக்குதே” என்று சிரித்தார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாற்பது வருஷச் சுருக்கத்தை மெஷின் வரைந்து கொடுத்தால், அது யாருடைய சுருக்கம்?

பட்டுச் சேலை விஷயத்தில் நான் தோற்றேன். “உசிரோட இருந்தப்ப சாக்குத்தான் இடுப்புல கட்டுச்சு. படத்துலயாவது கட்டட்டும், விடு” என்று அம்மாயி ஒரே போடாகப் போட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்ததும் அம்மாயியின் முகம் மாறிவிட்டது. “இது எங்கம்மா இல்ல.” நாங்கள் யாரும் கவனிக்காததை அவர் கவனித்தார். பழைய படத்தைத் துலக்கும் மென்பொருள், கொள்ளுப்பாட்டியின் இரண்டு பக்க மூக்குத்தியையும் தூசிப்புள்ளி என்று துடைத்துவிட்டிருந்தது. நிறத்தையும் இரண்டு படி வெளுத்திருந்தது. இந்த மாதிரிக் கருவிகள் மங்கிய முகத்தில் இல்லாததை, தாம் பழகிய ஆயிரக்கணக்கான வேறு முகங்களைக் கொண்டு ஊகித்து நிரப்புகின்றன. 2020-இல் ஒபாமாவின் மங்கல் படத்தை இப்படியொரு கருவியில் போட்டார்கள், வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரர். நாட்டின் அதிபராக இருந்தவருக்கே அந்தக் கதி என்றால், கொழுந்து பறித்த பாட்டிக்கு யார் கேட்கப்போகிறார்கள்?

திருப்பிச் செய்யச் சொன்னோம். தம்பி மூக்குத்தியைக் கையால் வரைந்து கொடுத்தார். அது பொட்டு இடம்மாறின மாதிரி இருந்தது. கடைசியில் அம்மாயி, ட்ரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பாஸ்போர்ட் படத்தை எடுத்துவந்து, முத்திரையோடு அப்படியே சட்டத்தின் மூலையில் கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே செருகிவிட்டார். அது இப்போது சித்தப்பாவின் பாதித் தலையை மறைக்கிறது. வீடு சித்தப்பாவுடையது, கடனும் அவருடையது என்பதால் சித்தி இரண்டு தடவை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தார். இரண்டு தடவையும் மறுநாள் காலையில் அது மூலைக்குத் திரும்பியிருந்தது.